படிவம் 17சி, படிவம் 20: நம்ம தொகுதி ஓட்டுக் கணக்கை நாமே சரிபார்க்க என்ன வழி?

கோடம்பாக்கத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்க பக்கத்து நாலைந்து குடியிருப்போர் சங்கங்களைச் சேர்ந்த நாற்பது பேர் வரைக்கும் தேர்தல் நாளிலும் எண்ணிக்கை நாளிலும் வேலை செய்யத் தயாரா இருக்காங்க. யாரும் எந்தக் கட்சியிலும் இல்லை. ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியை எடுத்துக்கிட்டு, அறிவிக்கப்படுற முடிவு பூத்தில் பதிவான ஓட்டோடு ஒத்துப்போகுதான்னு தாள் வச்சுப் பார்க்கணும். இதுதான் நோக்கம்.

இந்த யோசனை வரக் காரணம் 2024 ஏப்ரல் 19. அன்னிக்கு ராத்திரி தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு 72.09 சதவீதம்னு சொன்னாங்க. அப்புறம் 69.46 ஆச்சு, கடைசியில் 69.72. தென் சென்னைக்கு 67-ஐத் தாண்டிச் சொன்னது 54 பக்கத்துக்கு இறங்கிடுச்சு. அந்தச் சந்தேகம் வாட்ஸ்ஆப் குழுக்களில் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. கையில் கணக்கு இருந்தா இப்படிப் பேச வேண்டியதே இல்லை.

2014-ல் இந்தோனேசியாவில் தன்னார்வலர்கள் பூத் தாள்களை ஒவ்வொன்றா டைப் செஞ்சு மொத்தக் கணக்கையும் கூட்டிக் காட்டினாங்க. 2022-ல் கென்யாவில் 34ஏ படிவங்களை (பூத் முடிவுத் தாள்) தேர்தல் ஆணையமே இணையத்தில் போட்டுச்சு, யார் வேணும்னாலும் கூட்டிப் பார்க்க முடிஞ்சது. இங்கே அதே மாதிரி செய்ய முடியுமா? தாள் யாரிடம் கிடைக்கும், எதை எதோடு ஒப்பிடணும், ஒத்துப்போகலைன்னா என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

பூத்கணக்கு:

அந்த ரெண்டு நாட்டிலும் ஓட்டை எண்ணுறது வாக்குச்சாவடியிலேயே. வேட்பாளர் வாரியா யாருக்கு எத்தனைன்னு அந்தத் தாளிலேயே இருக்கும். நம்ம பூத்தில் அன்னிக்கு மாலை வெளியே வர்ற எண் ஒன்றே ஒன்றுதான்: இந்த மெஷினில் மொத்தம் இத்தனை ஓட்டு. யாருக்கு எத்தனைங்கிறது எண்ணும் மேஜையில் ரிசல்ட் பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும். அதனால சில பூத்களை மட்டும் எடுத்து ஜெயிச்சது யாருன்னு முன்கூட்டிச் சொல்ற வேலை இங்கே ஆகாது. நீங்க செய்யக்கூடியது சங்கிலி சரிபார்ப்பு. பூத்தில் எழுதின 17சி (பதிவான ஓட்டுக் கணக்குத் தாள்) முதல் பகுதி, எண்ணும் மேஜையில் எழுதுற 17சி இரண்டாம் பகுதி, கடைசியா வெளியாகிற படிவம் 20 (பூத் வாரியான இறுதி முடிவுத் தாள்). இந்த மூணும் ஒரே எண்ணைச் சொல்லணும்.

ராத்திரி மாறின சதவீதத்தை இதோடு குழப்பிக்காதீங்க. அன்னிக்கு மாலை வர்ற சதவீதம் ஆப் வழியா, போன் வழியா திரட்டுற தோராயம். சட்டப்படியான கணக்கு 17சி மட்டும்தான்.

தாள் யாருக்குக் கிடைக்கும்ங்கிறதுதான் உங்களுக்கு முதல் தடை. தேர்தல் நடத்தை விதிகள் 1961-ல் 49எஸ் படி, வாக்குப்பதிவு முடிஞ்சதும் அங்கே இருக்கிற வாக்குச்சாவடி முகவர்களுக்குத் தலைமை அலுவலர் 17சி நகலைக் கொடுத்து ரசீது வாங்கிக்கணும். முகவர் அல்லாதவங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இதை இணையத்தில் போடச் சொல்லிக் கேட்ட மனுவில் உச்ச நீதிமன்றம் 2024 மே 24 அன்று இடைக்கால உத்தரவு போட மறுத்துடுச்சு. மறுநாள் ஆணையம் முதல் ஐந்து கட்டத் தேர்தலுக்கான ஓட்டு எண்ணிக்கையைத் தொகுதி வாரியா வெளியிட்டது, பூத் வாரியா இல்லை. அதனால சங்கம்ங்கிற பெயரில் போய் நின்னா எதுவும் கிடைக்காது. சுயேச்சை உட்பட ஏதாவது ஒரு வேட்பாளர் படிவம் 10-ல் உங்க ஆட்களை முகவரா நியமிக்கணும். முகவர் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும், கையில் வாக்காளர் அடையாள அட்டை இருக்கணும். ஒரு பூத்துக்கு ஒரு முகவரும் ரெண்டு மாற்று ஆட்களும் உண்டு, ஆனா உள்ளே ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். ரெண்டாவது வழி, கட்சி முகவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற நகலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறது. எல்லாக் கட்சிக்காரங்களிடமும் கேளுங்க. ஒரே பூத்துக்கு ரெண்டு கட்சியிடமிருந்து ரெண்டு படம் வந்தா அதைவிட நல்ல சான்று கிடையாது.

காலையில் 7 மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா 5.30-க்கே மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டு, க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் மூணையும் வரிசையா அழுத்தணும். விவிபேட்டில் (ஓட்டு யாருக்குன்னு சீட்டு அச்சடிக்கிற மெஷின்) விழுந்த மாதிரிச் சீட்டுகளை எடுத்து, பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்கணும். உங்க முகவர் கவனிக்க வேண்டியது க்ளியர். அதுக்கு அப்புறம் டோட்டல் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியம் காட்டச் சொல்லுங்க. கன்ட்ரோல் யூனிட் (ஓட்டைப் பதிஞ்சு வைக்கிற பெட்டி) எண், பேலட் யூனிட் (வாக்காளர் பட்டன் அழுத்துற பெட்டி) எண், விவிபேட் எண், பச்சைத்தாள் சீலின் எண் நாலையும் அப்பவே குறிச்சுக்கணும்.

மாலையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவாங்க. 6 மணிக்கு வரிசையில் நிற்கிறவங்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுப்பாங்க. அவங்க எல்லோரும் ஓட்டுப் போட்ட பிறகுதான் க்ளோஸ். முகவர் 5 மணிக்கே கிளம்பிட்டா 17சி கிடைக்காது. க்ளோஸ் அழுத்தினதும் திரையில் வர்ற மொத்தத்தை முகவர் தன் கையால் எழுதிக்கணும். அப்புறம் அலுவலர் எழுதின தாளைப் பார்த்து வாங்கணும். கணக்கு இப்படி: 17ஏ பதிவேட்டில் (வாக்காளர் கையெழுத்துப் போடுற பதிவேடு) 742 பேர், ஓட்டுப் போட மறுத்தவர் 1, விதி மீறினதால் அனுமதிக்கப்படாதவர் 0, அப்போ மெஷினில் 741 இருக்கணும். 49எம்ஏ படி சோதனை ஓட்டு (விவிபேட் சீட்டில் வேற பெயர் வந்ததுன்னு புகார் சொன்னவரைப் போடச் சொல்றது) ஏதாவது போடப்பட்டிருந்தா அதுக்கும் தனிக் கட்டம் உண்டு, மொத்தத்திலிருந்து கழியும். டெண்டர் ஓட்டு (தன் பெயரில் வேற ஒருத்தர் ஏற்கெனவே போட்டுட்டா கொடுக்கிறது) மெஷினில் சேராது, அது தாளில் போடுறது.

அலுவலர் அந்த நேரத்தில் களைச்சுப் போயிருப்பார், அஞ்சாறு நகல் கையால் எழுதுவார். 1-ம் 7-ம், 0-வும் 6-ம் ஒண்ணு போல இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாலும் எழுதச் சொல்லிப் பணிவாக் கேளுங்க. கையெழுத்தும் முத்திரையும் இருக்கான்னு பாருங்க. உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, அதனால வெளியே வந்து வெளிச்சத்தில், தாளின் நாலு மூலையும் தெரியிற மாதிரி படம் எடுங்க. ஃபைல் பெயரில் தொகுதி எண், பூத் எண். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமா அனுப்பினா சின்ன எழுத்து கரைஞ்சுடும், டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

அட்டவணை:

மேலே சொன்னது பூத். நான் எண்ணும் மண்டபத்தைப் பத்தி எழுதுறேன்.

2024-ல் வட சென்னைக்கு ராணி மேரி கல்லூரி, மத்திய சென்னைக்கு லயோலா, தென் சென்னைக்கு அண்ணா பல்கலைக்கழகம். எந்த இடமானாலும் உள் அமைப்பு பெரும்பாலும் ஒண்ணுதான்: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேஜை, தேர்தல் நடத்தும் அலுவலர் மேஜை தனி. 280 பூத் இருக்கிற தொகுதின்னா 20 சுற்று. ஒரு வேட்பாளருக்கு மேஜைக்கு ஒரு முகவர், அலுவலர் மேஜைக்கு ஒருத்தர். அப்போ உங்களுக்கு 15 பேர் தேவை. படிவம் 18-ல் நியமனம்.

உள்ளே போன் கிடையாது. பேனா, வெள்ளைத்தாள், 17சி நகல் கொண்டு போகலாம். அதனால அன்னைக்கு வெளியே உட்கார்ந்து லேப்டாப்பில் ஏத்துறவங்க தனிக் குழு, உள்ளே எழுதுறவங்க தனிக் குழு.

மேஜையில் நடக்கிறதைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்றேன். மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் எண்ணையும் சீலையும் கம்பி வலைக்குப் பக்கத்தில் காட்டுவாங்க. காலை 5.30-க்கு எழுதின எண்ணோடு அது ஒத்துப்போகணும். ரிசல்ட் அழுத்தினதும் மொத்த ஓட்டு வரும், அப்புறம் 1, 2, 3ன்னு வேட்பாளர் வரிசையில் ஒவ்வொரு எண்ணும் சில நொடி நின்னு மாறும், கடைசியில் நோட்டா. 20 வேட்பாளர் இருந்தா மெஷின் எண்ணை வாசிக்கிறவர் குரல் பக்கத்து மேஜைக் குரலோடு கலந்துடும். காதை நம்பாம திரையைப் பார்த்து எழுதுங்க. ஒரு எண் தவறிட்டா அந்த இடத்தை ஊகிச்சு நிரப்பாதீங்க, மறுபடி ரிசல்ட் அழுத்தச் சொல்லலாம், எத்தனை முறை அழுத்தினாலும் மெஷினில் இருக்கிறது அழியாது. மேஜையை விட்டு நகரும் முன் கூட்டுங்க: வேட்பாளர்கள் எல்லோரும், நோட்டாவும் சேர்ந்து மொத்தத்துக்கு வரணும், மொத்தம் 17சி முதல் பகுதிக்கு வரணும். அதுக்கப்புறம்தான் இரண்டாம் பகுதியில் கையெழுத்து.

கணக்கு ஷீட்டில் இந்த நெடுவரிசைகள் போதும்: பூத் எண், கன்ட்ரோல் யூனிட் எண், 17ஏ எண்ணிக்கை, மறுத்தவர், அனுமதிக்கப்படாதவர், சோதனை ஓட்டு, மெஷின் மொத்தம், சுற்று, மேஜை, வேட்பாளர் வாரி ஓட்டு, நோட்டா, படிவம் 20 மொத்தம், வித்தியாசம். ஒரே தாளை ரெண்டு பேர் தனித்தனியா, ஒருத்தர் மற்றவரைப் பார்க்காம ஏத்தணும். ரெண்டும் ஒத்துப்போகாத கட்டத்தை மூணாவது ஆள் படத்தைத் திறந்து தீர்க்கட்டும். இதைச் செய்யாம விட்டா நீங்க கண்டுபிடிக்கிற வித்தியாசத்தில் முக்கால்வாசி உங்க டைப்பிங் பிழையாத்தான் இருக்கும்.

படிவம் 20 பின்னாடி தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பிடிஎஃப்பா வரும். பல தொகுதிகளுக்கு ஸ்கேன் படம்தான், எழுத்தா எடுக்க முடியாது, கையால்தான் ஏத்தணும். துணை வாக்குச்சாவடிகளுக்கு எண்ணோடு ஒரு எழுத்தும் சேரும். அதை விட்டுட்டு வரிசைப்படுத்தினா ஒரு பூத் இன்னொரு பூத்தோட ஓட்டைக் காட்டும், அதிலிருந்து கீழே முழுசும் ஒரு வரி தள்ளிப்போகும். தபால் ஓட்டு படிவம் 20-ல் தனி வரி, எந்த பூத்திலும் சேராது. பூத்களைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டு "ஓட்டு அதிகமா இருக்கு"ன்னு பதறுறவங்க பாதிப் பேர் இந்த வரியை மறந்தவங்க.

கோடம்பாக்கத்துக்காரி:

ரொம்ப நன்றி. இதை வச்சே பயிற்சித் தாள் தயார் பண்ணிடலாம். ரெண்டு விஷயம் இன்னும் கேட்கணும். ஒண்ணு, மெஷினும் 17சி-யும் ஒத்துப்போகாத பூத் வந்தா அது எப்பவும் தப்பு நடந்ததுக்கு அடையாளமா? ரெண்டு, தொகுதிக்கு 5 பூத் விவிபேட் எண்றாங்களே, அது போதுமா?

பூத்கணக்கு:

முதல் கேள்விக்கு: இல்லைங்க. காரணம் என்னன்னு வித்தியாசத்தின் அளவே பாதி சொல்லிடும்.

வித்தியாசம் சரியா 50 அல்லது 50-ஐ ஒட்டி, மெஷினில் கூடுதல்னா, மாதிரி ஓட்டை அழிக்க மறந்திருக்காங்க. காலை எழுதின மாதிரி வாக்குப்பதிவுச் சான்றிதழில் வேட்பாளர் வாரி எண் இருக்கும், எடுத்துப் பாருங்க. 9, 18, 27, 90 மாதிரி ஒன்பதின் மடங்குன்னா ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு, 714-ஐ 741ன்னு எழுதின மாதிரி. 1 அல்லது 2 குறைவுன்னா, கையெழுத்துப் போட்டுட்டு ஓட்டுப் போடாமப் போனவரை 17சி-யில் எழுதாம விட்டிருப்பாங்க. நூற்றுக்கணக்கில் வந்தா, நடுவில் மெஷின் மாத்தினாங்களான்னு கேளுங்க. ஓட்டுப்பதிவு நடக்கும்போது கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ பழுதானா மொத்த செட்டையும் மாத்தணும், அப்போ அந்த பூத்துக்கு ரெண்டு கன்ட்ரோல் யூனிட். விவிபேட் மட்டும் பழுதுன்னா அதை மட்டும் மாத்துவாங்க. ரெண்டு மெஷின் எண்ணையும் உங்க முகவர் எழுதி வைக்கலைன்னா எண்ணும் நாளில் "வேற மெஷின் வந்திருக்கு"ன்னு வீண் கலவரம்.

இன்னொரு வகை: க்ளோஸ் அழுத்தவே மறந்த மெஷின். எண்ணும் மேஜையில் ரிசல்ட் வேலை செய்யாது. திரையே வராத மெஷினும் உண்டு. இதுங்களை ஓரமா எடுத்து வைப்பாங்க. உங்க முகவர் செய்ய வேண்டியது, எந்த எண் மெஷின், எந்த பூத், என்ன காரணம், எத்தனை மணிக்கு எடுத்து வச்சாங்க, கடைசியில் அதை எப்படித் தீர்த்தாங்கன்னு எழுதுறது. விவிபேட் சீட்டை எண்ணித் தீர்த்தாங்கன்னா அந்த எண்ணையும் எழுதணும்.

இந்தக் காரணம் எதிலும் அடங்காத வித்தியாசம் மிஞ்சினா, அதுதான் உங்க கண்டுபிடிப்பு. எழுத்தில் கொடுங்க, அங்கேயே, அன்னைக்கே.

நிகழ்தகவு:

விவிபேட் பத்தி. 2019 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் தொகுதிக்கு 1-ஆ இருந்ததை 5-ஆ ஆக்கியது. கடைசிச் சுற்று முடிஞ்சதும் குலுக்கல் முறையில் எடுப்பாங்க. சீட்டுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் வந்தா 56டி விதிப்படி சீட்டு எண்ணிக்கையே செல்லும். குலுக்கலின்போது எல்லாப் பூத் எண்ணும் பெட்டியில் போடப்படுதான்னு உங்க ஆள் எண்ணிப் பார்க்கணும். இது சின்ன வேலை, ஆனா குலுக்கலே சரியில்லைன்னா அதுக்குப் பின்னால் வர்ற கணக்கு எதுக்கும் அர்த்தமில்லை.

போதுமாங்கிறதுக்கு நேரடிக் கணக்கு இருக்கு. 300 பூத்தில் 30 மெஷின் கோளாறுன்னு வச்சுக்குங்க. 5 எடுத்தா அதில் ஒண்ணாவது மாட்டுற வாய்ப்பு சுமார் 41 சதவீதம். கோளாறு 3 மெஷினில் மட்டும்னா வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். அந்த 3-ல் ஒண்ணையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்கணும்னா 189 பூத் எண்ணணும். மாநிலம் முழுக்க 234 தொகுதியில் 1,170 பூத் எண்றாங்களேன்னு சொல்வாங்க. எல்லா இடத்திலும் பரவின கோளாறைப் பிடிக்க அது நல்ல எண்ணிக்கைதான். ஆனா முடிவு தொகுதி வாரியா வருது. 2021-ல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. அந்த மாதிரித் தொகுதியில் மூணு மெஷின் போதும் முடிவை மாத்த.

சரியான முறை, வித்தியாசம் குறையக் குறைய அதிகம் எண்றது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2017-லிருந்து மாநிலம் முழுக்க அப்படித்தான் சரிபார்க்குது. 40,000 ஓட்டு வித்தியாசத்துக்கும் 137 ஓட்டு வித்தியாசத்துக்கும் ஒரே 5 என்பதை எந்தப் புள்ளியியல்காரரும் ஒத்துக்க மாட்டார். எல்லாச் சீட்டையும் எண்ணச் சொன்ன மனுவை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26-ல் தள்ளுபடி செஞ்சாச்சு, அதனால இன்னைக்கு உங்க கையில் இருக்கிறது 56டி மனு. குறிப்பிட்ட பூத்களின் சீட்டை எண்ணச் சொல்லி வேட்பாளரோ அவரோட முகவரோ தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். ஏத்துக்கிறதும் மறுக்கிறதும் அலுவலர் முடிவு, ஆனா காரணத்தை எழுதணும். "எல்லா பூத்தும் எண்ணுங்க"ன்னு கேட்டா மறுப்பு சுலபம். "பூத் 112, 17சி 714, மெஷின் 752, காரணம் விளக்கப்படவில்லை"ன்னு கேட்டா மறுக்கிறது கஷ்டம். இங்கேதான் உங்க ஷீட் உதவும்.

விதி63:

சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். காலக்கெடுதான் இதில் எல்லாம்.

மறு எண்ணிக்கை கோருவது விதி 63 படி. மொத்த ஓட்டை வாசித்த பிறகு, முடிவை அறிவிக்கும் முன், அந்த இடைவெளியில் எழுத்து மூலம் கேட்க வேண்டும். சில நிமிடங்கள்தான் கிடைக்கும். ஆகவே மனுவின் முதல் பத்தியை முன்னதாகவே தட்டச்சு செய்து, பூத் எண்ணுக்கும் காரணத்துக்கும் இடம் விட்டு, இரண்டு பிரதி கொண்டு செல்லுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டாவது, மெஷினின் நினைவகச் சோதனை. மேலே சொன்ன 2024 ஏப்ரல் 26 தீர்ப்பு தந்த வழி இது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதியின் 5 சதவீத மெஷின்களைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதிப்பார்கள். 2024-ல் ஒரு செட்டுக்குக் கட்டணம் 40,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 47,200. தவறு நிரூபணமானால் பணம் திரும்பும். குடிமக்கள் குழுவுக்கு இந்த உரிமை இல்லை. வேட்பாளருக்கு எந்த பூத்களைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித் தரலாம்.

மூன்றாவது, தேர்தல் வழக்கு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 81 படி வேட்பாளர் மட்டுமல்ல, அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் தொடுக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில், முடிவு வந்த 45 நாளுக்குள். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்கும் ஏற்பாடு இதில் இல்லை. 17ஏ பதிவேடு முத்திரையிட்டே இருக்கும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்கப்படாது. 2024 டிசம்பரில் விதி 93 திருத்தப்பட்ட பின் மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும் வழியும் குறுகிவிட்டது. 2025 மே மாத அறிவுறுத்தலின்படி கேமரா பதிவுகளை, வழக்கு இல்லாவிட்டால், 45 நாளுக்குப் பின் அழித்துவிடலாம். எனவே படிவம் 20 வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேஜையில் எழுதிய தாளை வைத்தே ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.

தபால் ஓட்டை யாரும் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். 2016-ல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 203, காரணம் சான்றொப்பம் இட்ட தலைமை ஆசிரியர் அதற்குத் தகுதியுள்ள அலுவலரா என்பது. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்து வருடப் பதவிக்காலம் அப்படியே கரைந்தது. ஆகவே உங்கள் 15 பேரில் மிகவும் நிதானமானவரை அலுவலர் மேஜையில் உட்கார வையுங்கள். உறை பிரிக்கும்போது முதலில் படிவம் 13ஏ உறுதிமொழியைப் பார்ப்பார்கள். ஒதுக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் என்னவென்று அவர் கோடு போட்டு எண்ண வேண்டும்: கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, வரிசை எண் பொருந்தவில்லை. வெற்றி வித்தியாசம் ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகளை விடக் குறைவு என்றால், அவற்றை மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். அந்த நேரத்தில் உங்கள் கோட்டு எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும்.

கோடம்பாக்கத்துக்காரி:

நாற்பது பேரை இப்படிப் பிரிக்கலாம்னு பார்க்கிறேன்: மாலை 5-லிருந்து பூத்தில் தாள் வாங்க 20 பேர், டைப் செய்ய 6, எண்ணும் நாளில் உள்ளே 15, வெளியே 4. முதல் நாள் பூத்தில் இருந்தவங்கள்ல சிலர் எண்ணும் நாளுக்கும் வருவாங்க. 20 பேரால் 280 பூத் முடியாது, அதனால கட்சி முகவர்களிடமிருந்து நகல் கேட்கிறதை முன்னாடியே பேசி வைக்கணும்.

அட்டவணை:

சரியாத்தான் இருக்கு. 20 பேரையும் ஆளுக்கு ஒரு பூத்னு பரப்பாதீங்க. சென்னையில் ஒரே பள்ளி வளாகத்தில் நாலஞ்சு பூத் இருக்கும். வளாகத்துக்கு ஒருத்தர் நூறு மீட்டருக்கு வெளியே நின்னு, வெளியே வர்ற எல்லாக் கட்சி முகவர்களிடமும் தாளைப் படம் எடுத்தா 20 பேர் 80, 100 பூத் பார்க்கலாம். அவங்களுக்கு முகவர் நியமனமே தேவையில்லை.

இன்னொண்ணு, எண்ணும் முகவர் பட்டியலைப் புகைப்படத்தோடு, எண்ணும் நாளுக்கு மூணு நாள் முன்னாடி மாலை 5 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் வேட்பாளர் கொடுத்திருக்கணும். ஓட்டுப்பதிவு முடிஞ்ச அசதியில் இந்த நாளைத் தவறவிட்டா 15 பேரும் வாசலோடு சரி. புகைப்படத்தை இப்பவே வாங்கி வச்சுக்குங்க.